அத்தையின் நினைவாக ஆலயத்துக்குக் கொடுக்கும் காணிக்கை: பெயர் பொறிக்கலாமா?

பின்வரிசை எழுதியது:

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். குடும்பத்துக்குள் பேசிப் பேசியும் முடிவுக்கு வராத ஒரு காரியத்தை இங்கே வைக்கிறேன். சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தகப்பனாருடைய அக்காள், தாயில்லாத எங்கள் மூவரையும் வளர்த்து ஆளாக்கிய அத்தை, நான்கு மாதங்களுக்கு முன் தமது 83-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சபையின் எந்தப் பொறுப்பிலும் அவர் பெயர் இருந்ததில்லை. செயற்குழுத் தேர்தலில் நிற்கும்படி ஒருமுறை ஆயரே கேட்டபோது, கூட்டத்தில் உட்கார்ந்தால் தமக்குத் தூக்கம் வந்துவிடும் என்று சொல்லிச் சிரித்து ஒதுங்கிக்கொண்டார். ஆனால் 31 ஆண்டுகள், அப்பமும் திராட்சரசமும் வைத்துப் பரிமாறும் திருவிருந்துப் பீடத்தின் துணிகளை வீட்டுக்கு எடுத்து வந்து துவைத்து, இஸ்திரி போட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஆலயம் பூட்டுமுன் கொண்டுபோய் விரித்தவர் அவர்தான். அந்த வேலையை அவரிடம் யார் ஒப்படைத்தார்கள் என்று கேட்டால், "அழுக்காக இருந்தது, எடுத்து வந்தேன்" என்பதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

அடக்கம் முடிந்து அவருடைய அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, ஒரு தகரப் பெட்டிக்குள் ஆறு காணிக்கை உறைகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதி மட்டும் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. பணம் வைத்து ஒட்டியும் ஆகியிருந்தது. கடைசி நோயில் படுக்குமுன் ஆயத்தப்படுத்தியவை. அந்த ஆறு தேதிகளும் அவர் மரித்ததற்குப் பிறகு வருகிறவை. நாங்கள் அவற்றைப் பிரிக்காமல், அந்தந்த ஞாயிறு அன்று காணிக்கைப் பையில் போட்டுவந்தோம். ஆறாவது உறையைப் போட்ட அன்று என் தங்கை ஆராதனை முடியும்வரை தலை நிமிரவில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தம்முடைய சேமிப்பை ஆலயத்துக்குக் கொடுத்துவிடும்படி அத்தை வாய்மொழியாகச் சொல்லிப் போனார். எதற்கு, எப்படி என்று சொல்லவில்லை. அண்ணன் தம்முடைய பணத்தையும் அதோடு சேர்த்து, ஆலய முகப்பில் அத்தையின் பெயரைப் பளிங்குக் கல்லில் பொறிக்க வேண்டும் என்கிறார். இத்தனை ஆண்டுகள் யாரும் அவரைக் கவனிக்கவில்லை, இனியாவது கவனிக்கட்டும் என்பது அவருடைய ஆதங்கம். தங்கையோ, அத்தை உயிரோடிருந்தால் அந்தக் கல்லைப் பார்த்ததும் வெட்கப்பட்டு வேறு வாசல் வழியாகப் போயிருப்பார், மொத்தத்தையும் பெயரில்லாமல் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவோம் என்கிறாள். இதற்கிடையில் சபையின் மூப்பர் ஒருவர், மரித்தவர் நினைவாகக் காணிக்கை கொடுப்பதே வேதத்துக்கு ஒவ்வாது, அதனால் மரித்தவருக்கு ஒரு பலனும் இல்லை என்று சொல்லிவிட்டார். அண்ணனும் தங்கையும் இப்போது சரியாகப் பேசிக்கொள்வதில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

நாளாகமம் எழுதியது:

சகோதரிக்கு என் ஆறுதல்கள். மூப்பர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிவானால் மற்றது சற்று இலகுவாகும் என்று நினைக்கிறேன்.

மரித்தவருடைய ஆத்துமாவுக்கு நன்மை உண்டாகும்படி கொடுப்பதும், அவருடைய வாழ்க்கைக்காகத் தேவனுக்கு நன்றி செலுத்திக் கொடுப்பதும் வெவ்வேறு காரியங்கள். முதலாவதில் சபைகள் பிரிந்து நிற்கின்றன. கத்தோலிக்கரும் கிழக்குத் திருச்சபையாரும் மரித்தோருக்காக ஜெபிக்கிறார்கள். சீர்திருத்தத்திலிருந்து பிறந்த புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலானவை அதைக் கைவிட்டன. இரண்டாவதைப் பற்றி எந்தச் சபைக்கும் மறுப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உங்கள் மூப்பர் முதலாவதற்குரிய மறுப்பை இரண்டாவதன்மேல் வைத்துவிட்டார் என்று தோன்றுகிறது. யோப்பாவில் தொற்காள் என்னும் சீஷி மரித்தபோது விதவைகள் என்ன செய்தார்கள் என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். அவள் தங்களோடிருந்த காலத்தில் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காட்டி அழுதார்கள். அவளைப் பற்றி அவர்களிடமிருந்த ஞாபகம் அந்தத் துணிகள்தான். பேதுரு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை.

இதில் இன்னொரு பெண்மணியின் நினைவும் எனக்கு வருகிறது. நான்காம் நூற்றாண்டில் பிறந்த திருச்சபை அறிஞர் அகுஸ்தீனின் தாய் மோனிக்கா, இறந்தவர்களின் நினைவிடங்களுக்கு உணவுக் கூடை எடுத்துச் செல்லும் பழக்கமுடையவர். மிலான் நகரத்தில் பேராயர் அம்புரோஸ் அதைத் தடை செய்திருந்தார் என்று அறிந்தவுடன் முணுமுணுக்காமல் நிறுத்திக்கொண்டு, கூடைக்குப் பதிலாக ஜெபத்தையும் ஏழைகளுக்குத் தம்மால் இயன்றதையும் கொடுத்தார் என்று மகன் எழுதுகிறார். அந்த அம்மாள் வெகு காலமாக ஆப்பிரிக்காவில் கணவருடைய கல்லறைக்குப் பக்கத்தில் தமக்கென்று ஓரிடத்தை ஆயத்தம் செய்து வைத்திருந்தவர். ஆனால் 387-ஆம் ஆண்டு ரோமுக்கு அருகிலுள்ள ஒஸ்தியா துறைமுகத்தில் நோயில் விழுந்தபோது, இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், நீங்கள் எங்கிருந்தாலும் கர்த்தருடைய பீடத்தண்டையில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டார். கல்லறையின் இடத்தைக்கூட விட்டுவிட்டவர், பீடத்தை விடவில்லை. உங்கள் அத்தையின் கை 31 ஆண்டுகள் எந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததோ, அதே இடம்.

பெயர் பொறிப்பதைப் பற்றி என் மனம் உங்கள் தங்கையின் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கவில்லை. மாற்கு 14-இல் பரிமளதைலத்தை ஊற்றிய ஸ்திரீயைக் குறித்து, சுவிசேஷம் பிரசங்கிக்கப்படும் இடமெல்லாம் "இவளை நினைப்பதற்காக இவள் செய்ததும் சொல்லப்படும்" என்று கர்த்தர் சொன்னார். அப்படிச் சொல்லப்பட்ட அந்தப் பகுதியில் மாற்கு அவளுடைய பெயரை எழுதவேயில்லை.

முன்னாள் பொருளாளர் எழுதியது:

மேலே எழுதியவர் வேதத்திலிருந்து நன்றாக விளக்கியிருக்கிறார். நான் கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஒரு சபையில் 12 ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். நினைவுக் காணிக்கைகள் என் கையில் நிறையவே வந்து போயின. சண்டையில் முடிந்தவற்றில் பெயரைப் பற்றிய சண்டை குறைவு. பணம் எதற்கென்று தெளிவாக எழுதாததால் வந்த சண்டைகள்தான் அதிகம்.

ஒரு குடும்பத்தார் தங்கள் தாத்தாவின் நினைவாக, ஆலயத்துக் குழாய் ஆர்கனைப் பழுது பார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு தொகையைக் கொடுத்தார்கள். சில வருஷங்களில் ஆர்கன் சரிசெய்ய முடியாத அளவுக்குப் பாழாகி, அதை எடுத்துவிட்டார்கள். பணம் அப்படியே நின்றது. வேறு எதற்கும் தொட முடியாது; திருப்பிக் கொடுக்கலாமென்றால் கொடுத்தவரும் இல்லை, வாரிசுகளுக்குள் ஒற்றுமையும் இல்லை. ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் "ஆர்கன் நிதி" என்று ஒரு வரியை நான் எழுதிக்கொண்டேயிருந்தேன். புதிதாக வந்த இளைஞர்கள் ஆர்கன் எங்கே என்று கேட்பார்கள். இதற்கு நேர் எதிராக இன்னொருவர், ஒரு பெருந்தொகையை எந்தக் குறிப்பும் இல்லாமல் பெட்டியில் போட்டார். அது பொதுக் கணக்கில் சேர்ந்து, அந்த வருஷத்து மின்கட்டணத்திலும் கூரை ஒழுகலிலும் கரைந்தது. அதில் ஒரு தவறும் இல்லை, கூரையும் ஆலயந்தானே. ஆனால் இரண்டு வருஷம் கழித்து அவருடைய பிள்ளைகள் வந்து, எங்கள் தகப்பனாரின் பணம் எங்கே போயிற்று என்று கேட்டபோது, காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆகையால், சகோதரி, பெட்டியில் போடுவதானால் அதற்குப் பிறகு கேள்வி கேட்பதில்லை என்று மூவரும் முதலில் உங்களுக்குள் தீர்மானம் செய்துகொள்ளுங்கள். ஒரு நோக்கத்துக்காகக் கொடுப்பதானால் கடிதம் எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தில் நோக்கத்தை அகலமாக எழுதுங்கள். "பீடத் துணிகளும் திருவிருந்து ஆராதனைக்குத் தேவையான மற்றப் பொருட்களும்" என்பது போல. அந்த நோக்கம் என்றாவது இல்லாமற்போனால் செயற்குழு அதற்கு நெருங்கிய வேறொரு தேவைக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வாக்கியம் கட்டாயம் சேருங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாததால்தான் ஆர்கன் நிதி அனாதையாயிற்று. முதலைச் செலவழிக்கலாமா, வட்டியை மட்டும் செலவழிக்க வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். தொகை சிறியதானால் முதலைப் பூட்டி வைக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம்; வட்டியில் ஒரு மெழுகுவர்த்திகூட வாங்க முடியாத நிதிகளை நான் பராமரித்திருக்கிறேன். தனிக் கணக்கு வைப்பார்களா, வருஷத்துக்கு ஒருமுறை அறிக்கையில் காட்டுவார்களா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். அப்படிக் கேட்பதை விசுவாசக் குறைவென்று சிலர் சொல்லக்கூடும். எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போகவில்லை. சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களோடு போனார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று அதற்கு 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் எழுதினார்.

யோவாஸ் ராஜாவின் காலத்தில் ஆலயத்தைப் பழுது பார்க்க வந்த பணம் ஆசாரியர்களிடம் போய்க்கொண்டிருந்தும், அவன் அரசாட்சியின் 23-ஆம் வருஷம்வரைக்கும் ஒரு பழுதும் பார்க்கப்படவில்லை என்று 2 இராஜாக்கள் 12-இல் இருக்கிறது. பிறகுதான் ஆசாரியனாகிய யோய்தா பெட்டி ஒன்றை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தண்டையில் வைத்தான். நிறைந்தபோதெல்லாம் ராஜாவின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள். இரண்டு பேர் சேர்ந்து எண்ணுவது என்ற ஒழுங்கை எங்கள் சபையில் நான் கொண்டுவந்தபோது எனக்கு வந்த எதிர்ப்பைச் சொன்னால் அது தனிக் கதையாகிவிடும்.

கடைசியாக ஒன்று. உங்கள் அத்தை வாய்மொழியாகத்தான் சொன்னார் என்கிறீர்கள். சேமிப்புக்குச் சட்டப்படி யார் வாரிசோ, அவர்கள் எல்லாரும் கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் ஒரு காசையும் நகர்த்தாதீர்கள்.

ஏழாம் அதிகாரம் எழுதியது:

உங்கள் அண்ணனுக்காகப் பேச ஒருவராவது வேண்டாமா?

எண்ணாகமம் 7-ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. 89 வசனங்கள். பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்களும் ஒரே அளவான காணிக்கையைக் கொண்டுவருகிறார்கள்: 130 சேக்கல் நிறையுள்ள வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொன்னாலான தூபகரண்டி. எல்லாரும் இதையே கொண்டுவந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அப்படி முடிக்காமல், நகசோன் தொடங்கி ஒவ்வொருவருடைய பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, அதே பட்டியல் பன்னிரண்டு முறையும் முழுதாக எழுதப்பட்டிருக்கிறது. பெயரைச் சொல்வது பாவமென்றால் இந்த அதிகாரத்தை என்ன செய்வது?

வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்க வேண்டும் என்பது கொடுக்கிறவனுக்குச் சொன்ன வார்த்தை. உங்கள் அத்தை அதை நிறைவேற்றியாயிற்று. அவருக்காக மற்றவர்கள் நன்றி சொல்லக் கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது? கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளைப் பவுல் பெயர் சொல்லித்தான் ரோமருக்கு அறிமுகம் செய்தார்.

நாளாகமம் அவர்கள் மேலே மோனிக்காவைப் பற்றி எழுதியதோடு ஒரு வால் சேர்க்க வேண்டியிருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள் என்று சொன்ன அந்த அம்மாளுக்கும் யாரோ ஒரு கல்வெட்டு வைக்கத்தான் செய்தார்கள். 1945-இல் ஒஸ்தியாவில் ஓர் ஆலயத்துக்குப் பக்கத்தில் இரண்டு சிறுவர்கள் குழி தோண்டியபோது, அந்தக் கல்லின் ஒரு துண்டு கிடைத்தது. எனக்கு அந்தச் செய்தியில் ஒரு சந்தோஷம்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் குடும்பம் வழக்கமாக உட்காரும் பெஞ்சின் முதுகில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. பிரசங்கம் நீளும்போதெல்லாம் அதிலுள்ள எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருப்பேன். இவர் யார் என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். ஞாயிறு பள்ளியில் தமக்குப் பத்துக் கற்பனைகளைச் சொல்லிக் கொடுத்தவர், கண் தெரியாமற்போன பிறகும் வந்து மனப்பாடமாகவே பாடம் நடத்தியவர் என்று அம்மா சொன்னார். அந்தத் தகடு இல்லாவிட்டால் நான் கேட்டிருக்கவும் மாட்டேன், அம்மா சொல்லியிருக்கவும் மாட்டார். ஆகவே அண்ணனுடைய ஆசையை அகந்தை என்று ஒதுக்கிவிடாதீர்கள். முகப்பில் பெரிய பளிங்குக் கல் வேண்டாம் என்று மட்டும் நானும் சொல்வேன். அது கொடுத்தவருடைய பெயரை மற்றவர்கள்மேல் திணிப்பது போலாகிவிடும். கேட்கிற ஒருவன் குனிந்து வாசிக்கும்படியான சிறிய தகடு போதும்.

நாளாகமம் எழுதியது:

எண்ணாகமம் 7-க்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கல் துண்டை நான் மறந்தே போனேன்.

சனி மாலை எழுதியது:

இவ்வளவு பேர் எழுதியும் ஒருவரும் கேட்காததைக் கேட்கிறேன். இப்போது அந்தத் துணிகளை யார் துவைக்கிறார்கள்?

பின்வரிசை எழுதியது:

சனி மாலை அவர்களே, உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் பதிலுக்கு ஒரு வாரமாயிற்று.

யாரும் துவைக்கவில்லை. அதாவது, வெளியில் ஒரு சலவைக் கடைக்குப் போட்டு வாங்குகிறார்கள். போன ஞாயிறு நான் முதல்முறையாகப் பின்வரிசையை விட்டு முன்னே போய் உட்கார்ந்து அந்த விரிப்பைப் பார்த்தேன். நான்காக மடித்த மடிப்பின் தடம் சிலுவைபோலக் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து, அப்பத்தட்டு அதன்மேல் சற்று ஆடியது. அத்தை விரித்த நாள்களில் அந்தத் துணியில் ஒரு மடிப்பையும் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. அவர் அதை மடிப்பதேயில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. லினன் துணி அரை ஈரமாக இருக்கும்போதே பின்பக்கம் முதலில் இஸ்திரி போட்டு, பிறகு முன்பக்கம் போட்டு, ஒரு நீண்ட அட்டைக் குழாயில் பாயைப்போலச் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு போவார். அந்தக் குழாய் இன்னும் அவருடைய அறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. நாங்கள் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது அது எதற்கென்று புரியாமல் தூக்கி எறிய இருந்தோம்.

அன்று இரவு மூவரும் பேசினோம். முன்னாள் பொருளாளர் அவர்கள் சொன்ன மாதிரியில் ஒரு கடிதம் எழுதி, மூவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். பீடத் துணிகளும் திருவிருந்துக்கு வேண்டியவையும், அவற்றைப் பராமரிக்கிறவர்களின் செலவும் என்று நோக்கத்தை எழுதி, நெருங்கிய வேறு தேவைக்கு மாற்றலாம் என்ற வாக்கியத்தையும் சேர்த்தாயிற்று. முதலைப் பூட்டவில்லை. பெயரைப் பற்றி அண்ணன் உடனே இறங்கி வரவில்லை. முகப்புக் கல் வேண்டாம் என்பதற்கு மட்டும் சம்மதித்து, துணிகள் வைக்கும் அலமாரியின் கதவுக்கு உட்புறத்தில் ஒரு சிறிய தகடு வைக்கலாமா என்று அவரே கேட்டார். அலமாரியைத் திறக்கிறவர்கள் மட்டும் பார்ப்பார்கள். தங்கை அதற்குச் சிரித்தாள். நான்கு மாதங்களில் அவள் அண்ணனைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். மூப்பரிடம், இது நன்றிக் காணிக்கை என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருப்பதைக் காட்டினோம். அவர் வாசித்துவிட்டு மறுப்பொன்றும் சொல்லவில்லை.

இந்த வாரம் துணிகளை நான் எடுத்து வந்திருக்கிறேன். இரண்டு இடங்களில் மெழுகு சிந்தி உறைந்திருக்கிறது, ஓரத்தில் திராட்சரசக் கறையும் இருக்கிறது. சூடான தண்ணீரில் ஊற வைத்தால் மெழுகு போகுமா? அத்தையிடம் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

சனி மாலை எழுதியது:

சூடான தண்ணீரில் போடாதீர்கள். மெழுகு உருகி நூலுக்குள் இறங்கிவிடும். துணியைக் கொஞ்ச நேரம் குளிர்பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்து, மெழுகு இறுகியதும் கூரில்லாத கத்தியின் முதுகால் மெல்லச் சுரண்டுங்கள். மிச்சமிருப்பதன் மேலும் கீழும் மை படாத வெள்ளைத் தாளை வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். தாள் மெழுகைக் குடிக்கும். எண்ணெய்போலத் தெரியும் இடம் மறையும்வரை தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் துவைக்க வேண்டும்.

திராட்சரசக் கறையைத் துவைக்கும்வரை அப்படியே இஸ்திரி போட்டுவிடாதீர்கள். சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். திருவிருந்து ரசம் பட்ட துணி என்பதால், எங்கள் சபையில் முதல் அலசலின் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதில்லை, மண்ணில் ஊற்றுவோம். உங்கள் சபையின் ஒழுங்கு என்னவென்று ஆயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அத்தைக்கு ஏதாவது ஒரு செடி இருந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

பின்வரிசை எழுதியது:

பின்கட்டில் ஒரு மல்லிகை இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் சிறிய கிண்ணத்தில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார். இவ்வளவு பெரிய செடிக்கு இந்தக் கிண்ணம் எப்படிப் போதும் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.